வட்டம் தெரியாத மேகம்

சூரியனைச் சுற்றி வட்டம் கட்டும் நாளில் பர்கூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்தில் இரண்டு பேச்சு கிளம்பும். ஏதோ கெட்டது வரப்போகிறது என்பது ஒன்று. சிப்காட் தொழிற்பேட்டையின் புகை மேலே ஏறி அப்படி நிற்கிறது என்பது இன்னொன்று. படித்தவர்கள் இரண்டையும் ஒதுக்கிவிட்டு மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார்கள்: "மேலே பனிக்கட்டி இருக்கிறது, முப்பட்டகம் மாதிரி ஒளியை வளைக்கிறது, அவ்வளவுதான்." முதல் இரண்டும் தவறு என்பதை இந்தக் கட்டுரையில் சொல்லத்தான் போகிறேன். ஆனால் என் முக்கிய வழக்கு மூன்றாவதோடுதான். வட்டத்தைப் பொறுத்தவரை அந்த விளக்கம் சரி. மேகத்தைப் பொறுத்தவரை அது பெரும் தவறு. வானிலை, வெயில், உலகம் சூடாவது என்று நாம் கவலைப்படும் எல்லாவற்றிலும் அந்தத் தவறுக்கு விலை இருக்கிறது.

முதலில் பயத்துக்கும் புகைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

2021 மே 24 அன்று முற்பகலில் பெங்களூர் வானத்தில் சூரியனைச் சுற்றிப் பெரிய வட்டம் தெரிந்தது. கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். தமிழ்நாட்டில் தளர்வுகளற்ற முழு ஊரடங்கு தொடங்கிய நாளும் அதுதான். வங்காள விரிகுடாவில் யாஸ் புயல் உருவாகி ஒடிசாவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு சாவுச் செய்தி வந்துகொண்டிருந்தபோது வானத்தில் இப்படி ஒன்றைப் பார்த்தவர்கள் பயந்ததில் வியப்பில்லை. அந்தப் பயத்தை நான் பழிக்க மாட்டேன். ஆனால் அந்த நாளே புகை வாதத்துக்குப் பதிலாகவும் நிற்கிறது. தமிழ்நாடு, கர்நாடக எல்லையின் இரு பக்கமும் வண்டிகள் முடங்கி, சாலைகள் வெறிச்சோடிக் கிடந்த வாரத்தில்தான் அத்தனை துலக்கமான வட்டம் தெரிந்தது. "அப்படியானால் காற்று சுத்தமானதால் தெரிந்தது" என்று அன்றே சிலர் புரட்டிப் பேசினார்கள். அதுவும் பொருந்தாது. ஊரடங்குக்கு முன்பும் பின்பும் இந்த வட்டம் எத்தனையோ முறை தெரிந்திருக்கிறது.

புகை செய்த வேலை இது என்று சொல்கிறவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். வட்டம் ஏன் எப்போதும் ஒரே அளவில் இருக்கிறது? பெங்களூரில் பார்த்தாலும் லண்டனில் பார்த்தாலும், சூரியனைச் சுற்றியும் நிலவைச் சுற்றியும், மையத்திலிருந்து விளிம்பு வரை 22 பாகை. கையை நீட்டி விரல்களை நன்றாக விரித்துக் கட்டைவிரலால் சூரியனை மறைத்தால் சுண்டுவிரல் நுனி ஏறக்குறைய வட்டத்தைத் தொடும். கரித்துகளுக்கு நிலையான வடிவம் கிடையாது. இருபத்திரண்டு என்ற ஒரே எண்ணை அதனால் தர முடியாது. பனிக்குத் தர முடியும். நீர் உறையும்போது மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கிக்கொள்கின்றன. அந்த அறுகோணத் தூணின் ஒரு பக்கத்தில் நுழைந்து ஒரு பக்கம் விட்டு அடுத்த பக்கத்தில் வெளியேறும் ஒளிக்கு, படிகம் 60 பாகை முப்பட்டகமாகிவிடுகிறது. பனியின் ஒளிவிலகல் எண் 1.31. இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் ஒளி குறைந்தபட்சம் 22 பாகை திரும்பும் என்று வரும். அதற்கும் குறைவாகத் திரும்ப வழியில்லாததால்தான் வட்டத்தின் உட்புறம் சற்று இருண்டு தெரிகிறது. சிவப்பு மற்ற நிறங்களைவிடக் குறைவாகத் திரும்புவதால் உள்விளிம்பு சிவக்கிறது. பனி தன் கையெழுத்தைப் போட்டுக் காட்டும்போது அதைப் புகையின் கணக்கில் எழுத முடியாது.

தொலைவும் ஒரு சாட்சி. மேகம் 10 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து, சூரியன் உச்சிக்கு அருகில் இருந்தால், நீங்கள் பார்க்கும் வட்டத்தை உண்டாக்கும் படிகங்கள் உங்கள் தலைக்கு மேலே சுமார் 4 கிலோமீட்டர் ஆரத்துக்குள் இருக்கின்றன. ஓசூரில் ஒருவரும் பெங்களூரில் ஒருவரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தால் இருவருக்கும் தெரிவது வேறு வேறு படிகங்கள் போட்ட வேறு வேறு வட்டங்கள். ஆகவே "பெங்களூருக்கு மேலே நின்ற வட்டம்" என்று ஒன்று கிடையாது. எந்த ஊரையும் குறிவைத்து வானம் எதையும் வரையவில்லை.

புகைக்கும் தூசிக்கும் பனிமேகத்தில் பங்கே இல்லை என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். மேகத்தில் உள்ள நீர்த்துளி தானாக உறைவதற்கு ஏறக்குறைய மைனஸ் 38 பாகை செல்சியஸ் குளிர் வேண்டும். அதற்கு முன்பே உறைய வேண்டுமானால் பற்றிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். கனிமத் தூசிகளில் பொட்டாசியம் நிறைந்த ஃபெல்ட்ஸ்பார் இந்த வேலையில் கெட்டி என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் பகுதிக் குவாரிகளின் கிரானைட்டில் இருக்கும் கனிமம்தான் அது. "பார்த்தீர்களா, குவாரித் தூசிதான்" என்று உடனே பாய வேண்டாம். கல் உடைக்கும்போதும் அறுக்கும்போதும் கிளம்பும் தூசியில் கனமானது சீக்கிரமே தரைக்கு வந்துவிடும். நுண்ணியதும் பெரும்பாலும் கீழ்க்காற்றிலேயே சுற்றும். பத்து கிலோமீட்டர் ஏறிப்போவது எளிதல்ல. அப்படியே கொஞ்சம் போனாலும் ஒரு படிகம் பிறக்க அது உதவும்; 22 பாகையை அது தீர்மானிப்பதில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. குவாரித் தூசியும் ஆலைப்புகையும் உண்மையான கேடுகள். கல் அறுக்கும் பட்டறையில் முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு வேலை செய்பவரின் நுரையீரலில் அந்தத் தூசி போய் உட்காருகிறது. சிலிக்கோசிஸ் வந்தால் ஆற்ற மருந்து இல்லை. அதற்கு எதிராக மனு எழுதுகிறவர்கள் அதில் சூரிய வட்டத்தையும் ஒரு ஆதாரமாகச் சேர்த்தால், அதிகாரி அந்த ஒரு வரியை வைத்தே முழு மனுவையும் தள்ளிவிடலாம். நியாயமான வழக்கில் பொய்ச் சாட்சியை ஏற்றக் கூடாது. தூசியை அளக்க வேண்டிய இடம் பட்டறை வாசல். வானம் அதற்குச் சாட்சி சொல்லாது.

நம் பெரியவர்களின் சொலவடையையும் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். "எட்டக் கட்டினால் கிட்ட மழை, கிட்டக் கட்டினால் எட்ட மழை" என்பார்கள். மழை சொல்லும் திறன் இதற்கு எவ்வளவு என்பது வேறு பேச்சு. நம் பகுதியில் மாங்காய்ப் பருவத்து இடிமழை பெய்து ஓய்ந்த பிறகு அதன் மேல்தலை பரவி நிற்கும் மேகத்திலும் வட்டம் கட்டலாம். அப்போது மழை வந்து போய்விட்டது. ஆனால் சொன்னவர்கள் உற்றுப் பார்த்தவர்கள். கிட்டக் கட்டும் சின்ன வட்டமும் எட்டக் கட்டும் பெரிய வட்டமும் வேறு வேறு என்று பிரித்துவைத்தார்களே, அது இயற்பியல்படி சரி. சூரியனையோ நிலவையோ ஒட்டிச் சில பாகைக்குள் தெரிவது பெரும்பாலும் நுண்ணிய நீர்த்துளிகளின் வேலை. துளியின் அளவு மாறினால் அந்த வட்டமும் மாறும். 22 பாகை வட்டம் பனியின் வேலை, அது மாறாது. வாட்ஸ்அப்பில் வரும் விளக்கங்களைவிட அந்தப் பழைய சொல்லில் கவனம் அதிகம்.

இனி மூன்றாவது கட்சிக்கு வருகிறேன். பனிப்படிகம் முப்பட்டகம் போல ஒளியை வளைக்கிறது, அவ்வளவுதான் என்ற பாடப்புத்தகப் பதிலுக்கு.

அந்தப் பதில் முழு உண்மை என்றால் கீற்று மேகம் என்ற உயரமான மெல்லிய பனிமேகம் வந்த ஒவ்வொரு நாளும் வட்டம் தெரிய வேண்டும். தெரிவதில்லை. மெல்லிய வெண்மேகம் வானம் முழுக்கப் பரவியிருக்கும் நாள்கள் பல. முழு வட்டம் கட்டும் நாள்கள் சில. மற்ற நாள்களில் மேலே இருப்பது பனி இல்லையா? பனிதான். அந்த உயரத்தில் அந்தக் குளிரில் வேறெதுவும் இருக்க வழியில்லை. பனி இருந்தும் வட்டம் இல்லை என்றால், புத்தகத்தில் படம் போட்டிருக்கும் வழுவழுப்பான அறுகோணத் தூண் மேகத்தில் அரிதாகத்தான் இருக்கிறது என்றுதான் முடிவு செய்ய வேண்டும். வட்டத்தை விளக்கிவிட்டோம் என்று திருப்திப்பட்டு, வட்டம் தெரியாத மேகத்தைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. உண்மையான கேள்வி அங்கேதான் கிடக்கிறது.

பனி ஒரே வடிவத்தில் வளர்வதில்லை. ஜப்பானின் ஹொக்கைடோவில் உகிச்சிரோ நகாயா 1936இல் முயல் மயிர் நுனியில் பனிப்படிகத்தைச் செயற்கையாக வளர்த்துக் காட்டினார். வெப்பநிலையும் ஈரமும் சற்று மாறினால் படிகத்தின் உருவமே மாறிவிடுகிறது என்பதை வரிசைப்படுத்தியவர் அவர். மைனஸ் 5 பாகை அருகே ஊசியும் தூணும். மைனஸ் 15 அருகே தட்டையான தகடுகளும், கிளைவிட்ட நட்சத்திரங்களும். கீற்று மேகங்கள் நிற்கும் மைனஸ் 40க்கும் கீழான குளிரில் பல தூண்கள் ஒரே மையத்திலிருந்து வெடித்துக் கிளம்பியது போன்ற கொத்துகள். இடிமேகத்தின் கொந்தளிப்பில் இவை மோதி ஒட்டிக்கொள்கின்றன, ஓரம் கரைகின்றன, மறுபடி வளர்கின்றன. முகங்களில் பள்ளமும் படியும் விழுகின்றன. உள்ளே காற்றுக்குமிழிகள் சிக்குகின்றன.

இந்தச் சொரசொரப்புக்கு ஒளியில் என்ன விளைவு? பர்கூர்க்காரருக்கு இதை விளக்க அதிகம் சிரமப்பட வேண்டாம். பாலிஷ் போட்ட கிரானைட் பலகையில் முகம் தெரியும். குவாரியிலிருந்து வந்தபடியே கிடக்கும் அதே கல்லில் தெரியாது, ஒளி எல்லாப் பக்கமும் தெறித்துவிடும். கல் ஒன்றுதான், முகப்பு வேறு. படிகத்திலும் அப்படியே. வழுவழுப்பான தகட்டின் மேல்முகமும் கீழ்முகமும் இணையாக இருந்தால் ஒளி நேராக ஊடுருவி, வந்த திசையிலேயே போய்விடும். சொரசொரப்பு வந்ததும் அந்த நேர்வழி அடைபடுகிறது. ஒளி பக்கவாட்டிலும் பின்னோக்கியும் கூடுதலாகச் சிதறுகிறது. இப்படிச் சிதறுவதால் 22 பாகையில் குவியவேண்டிய ஒளி கலைந்துபோகிறது, வட்டம் மறைகிறது. வட்டம் தெரியாத மேகம்தான் சூரிய ஒளியை மேலே திருப்பி அனுப்புவதில் வலிமையான மேகம்.

அறிவியலாளர்கள் இதை ஓர் எண்ணால் குறிப்பார்கள். சிதறிய ஒளி எந்த அளவுக்கு முன்னோக்கியே போகிறது என்பதன் அளவு அது. 1 என்றால் முழுக்க முன்னோக்கி. 0 என்றால் முன்னும் பின்னும் சமம். மேகத்தின் நீர்த்துளிக்கு இது 0.85 அளவில் இருக்கிறது. வழுவழுப்பான அறுகோணப் படிகம் என்று வைத்துக் கணக்கிட்டால் வடிவத்தைப் பொறுத்து 0.8ஐத் தாண்டும், மெல்லிய தகடுகளுக்கு 0.9 வரைகூடப் போகும். ஆனால் விமானத்தில் கருவியைக் கட்டிக்கொண்டு பனிமேகத்துக்குள்ளேயே போய் அளந்தவர்களுக்குக் கிடைத்தது 0.75 அளவு.

0.85க்கும் 0.75க்கும் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்கலாம். ஒன்றிலிருந்து கழித்துப் பாருங்கள். 0.15, 0.25. திசை மாறும் பங்கு மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடுகிறது. சூரிய ஒளியை வழிமறிக்கும் அளவு சமமாக உள்ள இரண்டு மேகங்களை எடுத்துக்கொண்டு, அந்த அளவை, அதாவது ஒளித்தடிமனை, 2 என்று வைத்து, எளிய முறையில் தோராயமாகக் கணக்கிட்டேன். முதலாவது சுமார் 13 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டாவது சுமார் 20 சதவீதம். நடுப்பகலில் ஒரு சதுர மீட்டரில் 1000 வாட் வெயில் விழுகிறது என்றால் வேறுபாடு 70 வாட். ஒளித்தடிமன் அப்படியே இருக்க, சிதறும் விதம் மாறியதால் மட்டும் வந்த வேறுபாடு இது. இப்படிச் சிதறிச் சிதறிப் போகும் ஒளிக்குக் கணக்கு எழுதிய நூல்களில் முதன்மையானது சுப்பிரமணியன் சந்திரசேகர் 1950இல் வெளியிட்டது. விண்மீன்களின் வளிமண்டலத்துக்காக அவர் வளர்த்தெடுத்த கணக்கைத்தான் இன்று மேகங்களுக்கும் பயன்படுத்துகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அவர் பெயர் நோபல் பரிசோடு மட்டும் தெரிகிறது.

"மேகம் என்றால் நிழல், நிழல் என்றால் குளிர்ச்சி" என்பது இதே தவறின் இன்னொரு முகம். உலகம் முழுவதையும் சராசரி எடுத்தால் மேகங்கள் பூமியைக் குளிர்விக்கின்றன என்பது உண்மை. சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 20 வாட். ஆனால் அது ஒரு கழித்தலின் விடை. மேகம் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது; பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தையும் தடுத்து நிறுத்துகிறது. தாழ்வான தடித்த மேகத்தில் முதல் வேலை ஓங்கி நிற்கும். உயரத்தில் நிற்கும் மெல்லிய பனிமேகத்தில் இரண்டாவது ஓங்கும். அது பொதுவாகச் சூடேற்றும் மேகம். எவ்வளவு மெல்லியதாக இருந்தால் சூடேற்றும், எந்தத் தடிமனில் குளிர்விக்கத் தொடங்கும் என்ற எல்லையை நகர்த்துவதில் படிகத்தின் வடிவத்துக்கும் பங்கு உண்டு. வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்ஸைடு இரட்டிப்பானால் கூடும் வெப்பமே உலகச் சராசரியில் சதுர மீட்டருக்கு 4 வாட் அளவுதான். அவ்வளவு சின்ன எண்ணைத் தேடும் கணக்கில் பனியின் வடிவத்தைத் தப்பாக வைத்துக்கொண்டு சரியான விடையை எதிர்பார்க்க முடியாது.

"இதெல்லாம் நுணுக்கம், வெவ்வேறு வடிவங்கள் கலந்தால் சராசரியில் எல்லாம் சரியாகிவிடும்" என்று ஒரு வாதம் உண்டு. இது மேம்போக்கான வாதம் இல்லை. கணினி மாதிரிகளில் எல்லா வடிவத்தையும் சேர்க்க முடியாது, ஏதாவது ஒன்றை வைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் எதை வைப்பது? நாசாவின் மோடிஸ் கருவி 2000 முதல் ஒரு செயற்கைக்கோளிலும் 2002 முதல் இன்னொன்றிலும் மேகங்களைப் பார்த்துவந்திருக்கிறது. அதன் தரவிலிருந்து மேகத்தின் தடிமனைக் கணக்கிட முதலில் வழுவழுப்பான முகங்கள் கொண்ட படிகங்களையும் கலந்து வைத்திருந்தார்கள். பிற கருவிகளின் அளவீட்டோடு அது பொருந்திவரவில்லை. பின்னர் மிகுந்த சொரசொரப்புள்ள தூண்களின் கொத்து என்று மாற்றினார்கள். மேகம் அப்படியே இருந்தது, படிக வடிவம் மாறியதால் அதன் தடிமன் பற்றி நாம் எழுதிவைத்த எண் மாறியது. சராசரி தானாகச் சரியாகவில்லை. வடிவத்தைக் கேள்வி கேட்டதால்தான் சரியானது.

இந்தக் கேள்வியைக் கேட்க வெளிநாடு போக வேண்டியதில்லை. பர்கூரிலிருந்து வடகிழக்கே 150 கிலோமீட்டருக்குள், திருப்பதி பக்கம் கடங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே பச்சை லேசர் ஒளியைத் துடிப்புத் துடிப்பாக மேலே அனுப்பி, கீற்று மேகத்தில் பட்டுத் திரும்புவதைப் பிடிக்கிறார்கள். உருண்டையான நீர்த்துளியில் பட்டு நேரே திரும்பும் ஒளியின் அதிர்வுத் தளம் மாறாது. முகமும் முனையும் உள்ள பனியில் பட்டால் மாறிவரும். எவ்வளவு மாறியது என்பதைப் பார்த்து, பத்து கிலோமீட்டருக்கும் மேலே உள்ள துகளின் உருவத்தைத் தரையில் உட்கார்ந்தபடி ஊகிக்கலாம். பர்கூரிலிருந்து கிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில் ஜவ்வாது மலையில் கவலூர் வானாய்வகம். கண்ணுக்கே தெரியாத மெல்லிய பனிமேகம் விண்மீனின் ஒளியைக் குறைத்து ஓர் இரவின் அளவீட்டையே கெடுத்துவிடும் என்பது அங்கே வேலை செய்பவர்களுக்கு அன்றாடப் பாடம். இந்த இரண்டு இடங்களுக்கும் இவ்வளவு அருகில் இருந்துகொண்டு, "அவ்வளவுதான்" என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஆலைக்கூரைகளில் சூரிய மின்தகடு போட்டவர்களுக்கும் இதில் சொந்தக் கணக்கு இருக்கிறது. மேகம் வந்தால் மின்சாரம் போச்சு என்பது பொதுப்பேச்சு. மெல்லிய பனிமேகத்தின் கீழ் ஒரு விளக்குக்கம்பத்தைப் பாருங்கள். அதன் நிழல் தரையில் விழும். ஓரம் மட்டும் சற்று மங்கியிருக்கும். மேகம் மெல்லியதாக இருப்பதால் ஒளியில் ஒரு பகுதி சிதறாமல் நேராகவே வந்துவிடுகிறது, சூரியனின் வட்டு மறையவில்லை. அதே மேகம் தாழ்ந்து தடித்து நீர்த்துளி மேகமானால் நிழலே இருக்காது. கூரையில் படுத்திருக்கும் தகடு வானம் முழுவதிலிருந்தும் வரும் ஒளியை வாங்கும் என்பதால் மெல்லிய பனிமேகத்தில் அதன் இழப்பு குறைவு. கண்ணாடிகளை வைத்து ஒளியைக் குவிக்கும் நிலையத்துக்கோ சிதறிய ஒளி பயன்படாது. எல்லா மேகத்தையும் ஒரே மேகமாக எழுதும் கணக்கு இருவரையும் ஏமாற்றும்.

பர்கூரில் 1994 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. சுற்றிலும் மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. இயற்பியல் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். சூரிய வட்டம் வரும் நாளில் மட்டும் வானத்தைக் காட்டாதீர்கள். மார்ச் முதல் ஜூன் வரை, மெல்லிய வெண்மேகம் பரவும் ஒவ்வொரு நாளும் ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்: தேதி, நேரம், கம்பத்தின் நிழல் விழுந்ததா, வட்டம் முழுதா, பாதியா, இல்லவே இல்லையா. கண்ணைச் சூரியனுக்கு நேராக வைக்க விடாதீர்கள். ஒரு கட்டடத்தின் விளிம்பாலோ உள்ளங்கையாலோ சூரியனை மறைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். குறிப்பேட்டில் "வட்டம் இல்லை" என்ற பதிவுகளே மிகுதியாக வரும். அவற்றை வெறும் நாள்கள் என்று விட்டுவிடாமல், ஏன் இல்லை என்று மாணவர்களைக் கேளுங்கள்.